குலுக்கக் கூடாத குழாய்

இந்தத் தொடரில் போன வாரம் லேப் அக்கா செய்த காரியத்தைப் படித்துவிட்டு, "இவளெல்லாம் ஒரு அம்மாவா?" என்று அவளைத் திட்டியவர்கள் பாதிப் பேர். "நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்று அவள் பக்கம் நின்றவர்கள் மீதிப் பேர். இரண்டு கட்சிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் முழிக்கிறேன். அதனால் யார் பக்கமும் சாயாமல் நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

இப்போதுதான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகச் சுருக்கமாக: ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் லேப் அக்காவுக்கும், லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவருக்கும் ஒரே பெண். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வண்டு. உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டாள், ஆரம்பித்ததை முடிக்க மாட்டாள், மனசில் பட்டதை வாய்க்குள் வைத்திருக்கவும் மாட்டாள். குழந்தைகள் மனநல டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த டாக்டரோ, அம்மா அப்பா இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள் என்கிறார். லிஃப்டுக்காரர் வர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

"சின்ன வயசுல நானும் இப்படித்தான் இருந்தேன். இப்ப நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

இதைச் சொல்லிவிட்டு ஜம்பமாக வேலைக்குக் கிளம்புவார். பாதி வழி போனதும் சாமான் பையை மறந்தது ஞாபகம் வந்து திரும்பி வருவார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ரிட்டர்ன் அண்ணன்'.

இந்த மனுஷரை எப்படியாவது வழிக்குக் கொண்டுவர வேண்டுமே என்ற தவிப்பில்தான் லேப் அக்கா அந்தக் காரியத்தைச் செய்தாள். அவள் லேபில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. ஏ.டி.எச்.டி. என்கிறார்களே, மனசும் உடம்பும் ஓரிடத்தில் நிற்காமல் திண்டாடும் குழந்தைகள், அவர்களுடைய ரத்தத்தில் ஏதாவது தனி அடையாளம் தென்படுகிறதா என்று தேடுகிற ஆராய்ச்சி. கதைப்படி நேற்றுக் காலை, வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்தே வண்டுவின் கையில் ஊசி குத்தி ஒரு குழாய் ரத்தம் எடுத்தாள். வெளிச்சம் படாமல் வெள்ளிக் காகிதம் சுற்றி, ஐஸ் டப்பாவில் வைத்து எடுத்துப் போனாள். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஆராய்ச்சிக் குழாய்களோடு அதையும் மெஷினில் ஏற்றிவிட்டாள்.

இன்றைக்குக் காலையில் கம்ப்யூட்டர் திரையில் எண் வந்து நின்றது.

ஆராய்ச்சியில் தேடுகிற அந்தப் பொருள், சாதாரணக் குழந்தைகளுக்கு இருப்பதைப்போல மூன்று மடங்கு.

லேப் அக்கா கையுறையைக் கழற்றாமலேயே மாடிப்படிப் பக்கம் ஓடினாள். பிறகுதான் ஞாபகம் வந்து, ஒரு கையுறையை மட்டும் உருவிவிட்டுப் போனைத் தட்டினாள்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"லிஃப்ட் மேல."

"மேல போயிட்டிருக்கீங்களா?"

"போகலம்மா. லிஃப்ட்டோட தலை மேல நிக்கறேன். அஞ்சாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவுல. சீக்கிரம் சொல்லு."

"நம்ம வண்டு ரத்தத்தை டெஸ்ட் பண்ணிட்டேன்."

"என்னது? யாரைக் கேட்டுப் பண்ணினே?"

"திட்டறதை அப்புறம் திட்டுங்க. முதல்ல கேளுங்க. மூணு மடங்கு காட்டுதுங்க. அவ வேணும்னு பண்ணலை. கொழுப்பும் இல்ல, நாம செல்லம் குடுத்ததும் இல்ல. ரத்தத்துலயே தெரியுது."

போனில், அவருக்குக் கீழேயிருந்து யாரோ, "ரிட்டர்ன் அண்ணே, ஸ்பேனர் வேணுமா வேணாமா?" என்று கத்துவது மட்டும் கேட்டது.

"நிச்சயமாவா சொல்றே?" என்றார் கடைசியில்.

"மெஷின் சொல்லுது."

"டாக்டரை எப்பப் பாக்கணும்?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

"வந்துடறேன்," என்று வைத்துவிட்டார்.

லேப் அக்கா படியிலேயே உட்கார்ந்து அழுதாள். மகளுக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது என்று தெரிந்து எந்த அம்மாவாவது சந்தோஷப்படுவாளா என்று கேட்காதீர்கள். கல்யாணத்துக்குப் போனால் "அடக்கி வளக்கத் தெரியலையா?" என்ற பார்வை, பள்ளிக்கூடத்துக்குப் போனால் அதே பார்வை, சொந்த வீட்டிலும் புருஷனோடு அதே மல்லுக்கட்டு. இத்தனையும் தாங்கியவளுக்கு ஒரு மெஷின், 'இது உன் தப்பு இல்லை' என்று சொன்ன மாதிரி இருந்தது. அழாமல் என்ன செய்வாள், பாவம்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். செய்த திருட்டுத்தனத்தின் தடயத்தை அப்புறப்படுத்த வேண்டாமா? ராக்கின் கடைசியில் செருகி வைத்திருந்த மகளுடைய குழாயை எடுத்து, குப்பையில் போடுவதற்கு முன்னால் வெள்ளிக் காகிதத்தைப் பிரித்தாள்.

குப்பைத் தொட்டிப் பக்கம் போன கை பாதியில் நின்றது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ரத்தம் எடுத்த குழாயை வேகமாகச் சுழற்றுகிற மெஷினில் போட்டுச் சுற்றினால் சிவப்பெல்லாம் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கிற நீர் இளமஞ்சளாக இருக்க வேண்டும். அதைத்தான் பரிசோதிப்பார்கள். எடுத்த ரத்தத்தை யாராவது போட்டுக் குலுக்கிவிட்டால் அணுக்கள் உடைந்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டி, அந்த நீர் ரோஸ் நிறமாகிவிடும். அப்புறம் மெஷின் காட்டுகிற எண் காசுக்குப் பெறாது. சில பொருள்களின் அளவு இரண்டு மடங்கு மூன்று மடங்கு என்று எகிறும்.

லேப் அக்காவுக்கு இது கரதலப் பாடம். ஒவ்வொரு குழாயையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் மெஷின் பக்கம் கொண்டு போக மாட்டாள். ரோஸ் நிறத்தில் எது வந்தாலும், கொண்டு வந்த நர்சை நிற்க வைத்து, "என்னம்மா, சர்பத் கலக்கிக் கொண்டு வந்தியா?" என்பாள். அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்குப் பயப்படாத நர்சுகள்கூட அவளுக்குப் பயப்படுவார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு குழாயை மட்டும் தூக்கிப் பார்க்கவில்லை. யார் கண்ணிலும் படக் கூடாதே என்ற பதற்றத்தில் காகிதத்தைப் பிரிக்காமல், மூடியை மட்டும் கழற்றி மெஷினுக்குள் தள்ளியிருந்தாள்.

இப்போது அது கையில் இருந்தது. நல்ல ரோஸ்.

மூன்று மடங்காவது, முப்பது மடங்காவது. எல்லாம் குப்பை.

சொல்லாமல் விட்டால்தான் என்ன என்ற யோசனையும் அடுத்த நிமிஷமே வந்தது. வரவில்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். அவர் வருகிறேன் என்றுவிட்டார். டாக்டரைப் பார்த்தாகிவிடும். ரோஸோ மஞ்சளோ, குப்பையில் போட்டுவிட்டால் யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

"என்ன, ஒரே யோசனை?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். ஆராய்ச்சியை நடத்துகிற பெரிய டாக்டரம்மா. குழாய் கோட்டுப் பைக்குள் போனது அவளுக்கே தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல மேடம்."

"நேத்து நம்ம மெஷின்ல ஒரு குழாய் கூடுதலா ஓடியிருக்கு. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"பாத்துச் சொல்றேன் மேடம்."

டாக்டரம்மா அவளை ஒரு கணம் கூடுதலாகவே பார்த்தார். "எனக்குப் புரியாதது ஒண்ணுதான். இதை வெச்சு ஒரு தனிக் குழந்தையைப் பத்தி எதுவும் சொல்ல முடியாதுன்னு இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். நூத்துக்கணக்கான குழந்தைங்களைச் சேத்துப் பாத்தா ஏதோ வித்தியாசம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஒரு குழந்தையைத் தனியா நிறுத்திக் கேட்டா ரத்தம் வாயைத் திறக்காது. தெரிஞ்சும் யாரு ஏத்தினாங்க? விசாரிச்சிட்டு இன்னிக்கே எனக்கு போன் பண்ணு."

"சரிங்க மேடம்," என்றாள் லேப் அக்கா. கோட்டுப் பைக்குள் குழாய் கனத்தது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வண்டு வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலில் ஷூ இருந்தது. இன்னொன்று எங்கே என்று கேட்டதற்கு, "உள்ளதான்மா எங்கயோ இருக்கு," என்றாள். தேடிக் கண்டுபிடித்து மாட்டிவிட்டு வண்டியில் ஏற்றினாள்.

வாசலைத் தாண்டியதும் அக்கா கேட்டாள், "கண்ணு, நேத்து ஐஸ் டப்பாவை மடியில வெச்சுப் பிடிச்சிட்டு வந்தியே. அதைத் திறந்தியா?"

"ம்."

"எப்போ?"

"நீ சிக்னல்ல நின்னல்ல, அப்போ. ஒரே ஒரு தடவைதான் குலுக்கினேன். இல்ல, நிறைய தடவை. என் ரத்தம் நுரைக்குமான்னு பாத்தேன்மா."

"நுரைச்சுதா?"

"பேப்பர் சுத்தியிருந்துதே, தெரியலை."

லேப் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர்களெல்லாம் மெனக்கெட்டு வகுத்து வைத்த முறைகளை ஒரே சிக்னலில் தூள் தூளாக்கியிருக்கிறாள் பாருங்கள். திட்டுவதற்கு வாயெடுத்தவள், என்னத்தைத் திட்டுவது என்று விட்டுவிட்டாள்.

"அம்மா."

"என்னடா?"

"இன்னும் கொஞ்சம் எடுக்கணும்மா."

"எதை?"

"ரத்தத்தை. நேத்து எடுத்தது பத்தலை. இன்னிக்கும் என்னால உக்கார முடியலை. டீச்சர் வெளிய அனுப்பிட்டாங்க. எங்கிட்ட இருக்கறது இன்னும் போகலைம்மா. வலிச்சாலும் அழ மாட்டேன், நிறைய எடுத்துடு."

ஸ்கூட்டர் தானாக ஓரம் கட்டி நின்றது.

பிள்ளை அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறது. கெட்டது ஏதோ ரத்தத்தில் இருக்கிறது, அம்மா ஊசி குத்தி அதை வெளியே எடுக்கிறாள் என்று. ஊசி குத்தும்போது ஏன் அவ்வளவு சமர்த்தாகக் கையை நீட்டினாள் என்பது லேப் அக்காவுக்கு இப்போதுதான் புரிந்தது. நடுரோட்டில், ஹெல்மெட்டோடு, மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவளுக்குத் தன்மேல் வந்த கோபத்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

"உன் ரத்தத்துல கெட்டது ஒண்ணும் இல்லடா தங்கம். அம்மாதான் தெரியாத்தனமா எடுத்துட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அந்த இடத்திலேயே லேப் அக்கா முடிவு செய்துவிட்டாள். அவர் வந்தாலும் சரி, கோபித்துக்கொண்டு போனாலும் சரி, உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

டாக்டரின் வெளி ஹாலில் இவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார் லிஃப்டுக்காரர். சொன்ன நேரத்துக்கு முன்னால் அவர் ஓரிடத்துக்கு வந்தது, அவருடைய கல்யாணத்தைச் சேர்த்தும் இதுதான் முதல் தடவை. சட்டை மாற்றியிருந்தார். காலருக்குக் கீழே மட்டும் கிரீஸ் தீற்றல். சாமான் பை தோளில் தொங்கியது.

வண்டு காலி நாற்காலிகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ ஆரம்பித்தாள். அவர் அவளை அதட்டவில்லை.

"நீ போன் பண்ணினதும் அந்த லிஃப்ட் மேலயே உக்காந்துட்டேன்," என்றார். "வேலையே ஓடலை."

"ஏங்க, ஒரு விஷயம்..."

"இரு, நான் சொல்லிடறேன். அப்புறம் மறந்துடுவேன். பள்ளிக்கூடத்துல தினம் என்னைப் பெஞ்சு மேல ஏத்தி நிறுத்துவாங்க. வீட்டுக்கு வந்தா எங்கப்பா பெல்ட்டைக் கழட்டுவாரு. வேணும்னே பண்றான், திமிர் பிடிச்சவன்னு எல்லாரும் சொல்வாங்க. அத்தனை பேரு சொன்னா யாருக்குத்தான் சந்தேகம் வராது? நானும் நம்பிட்டேன், நாம வேணும்னுதான் பண்றோம் போலன்னு. இன்னிக்கு நீ ரத்தத்துலயே இருக்குன்னு சொன்னதும்..." தாவிக்கொண்டிருந்த வண்டுவைப் பார்த்தார். "அவ மேல தப்பில்லைன்னா, அப்ப என் மேலயும் தப்பில்லதானே?"

இப்படி ஒரு கேள்வியைப் புருஷன் கேட்ட பிறகு, அதை அவர் கையிலிருந்து பிடுங்க யாருக்கு மனசு வரும்? லேப் அக்காவுக்கும் வரவில்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் தாவிக்கொண்டிருந்தவளைப் பார்த்தாள். சொல்லிவிட்டாள்.

"அந்த நம்பர் செல்லாதுங்க. குழாய் குலுங்கிப் போயிருக்கு. நான் பாக்காம விட்டுட்டேன்."

"அப்ப மூணு மடங்கு?"

"பொய்."

"சரி, வேற ரத்தம் எடுத்துப் பாரு."

"எடுத்தாலும் தெரியாதுங்க. இப்போதைக்கு ரத்தத்தை வெச்சு இதை யாராலயும் சொல்ல முடியாது. தேடிக்கிட்டுதான் இருக்காங்க."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"முன்னாடியே."

"தெரிஞ்சுக்கிட்டே பிள்ளை கையில ஊசி குத்தினியா?"

"நீங்க இங்க வரணும்னு குத்தினேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. சத்தம் போட்டிருந்தாலாவது அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். எழுந்தார். பையின் பட்டையை இழுத்துத் தோளில் சரி செய்துகொண்டார். இன்றைக்கென்று பார்த்து எதையும் மறக்காமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், லிஃப்ட் இருக்கும் பக்கம் நடந்தார்.

அவர் போன கதவு மூடுவதற்கும், உள்ளேயிருந்து கூப்பிடுவதற்கும் சரியாக இருந்தது.

டாக்டர் நடுத்தர வயதுக்காரர், அவசரமே இல்லாத மனுஷர். வண்டு அவருக்கு எதிரில் போய் நின்று, யாரும் கேட்காமலேயே சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிக்கொண்டாள்.

"இந்தக் கையில நேத்து எடுத்தாச்சு. இதுல எடுங்க."

"எதை?"

"ரத்தம்."

"எனக்கு எதுக்கும்மா உன் ரத்தம்? நான் என்ன கொசுவா?"

வண்டுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டாக்டர் லேப் அக்காவைப் பார்த்தார். "எனக்கு வேண்டியது பேச்சுதாம்மா. வீட்டுல எப்படி இருக்கா, பள்ளிக்கூடத்துல எப்படி, எப்பேர்ந்து இப்படி, எல்லாத்தையும் பொறுமையா கேக்கணும். ஒரு நாள்ல முடியற வேலையும் இல்ல. அவங்கப்பா வரலையா?"

"வந்தாரு சார். வந்து..."  கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். பெரிய டாக்டரம்மா. அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. அந்த உண்மை இன்னும் பாக்கி இருக்கிறது. அதைச் சொன்ன பிறகு நாளைக்கு அவளுக்கு வேலை இருக்குமா என்று எனக்கே தெரியாது. போனை உள்ளே தள்ளினாள்.

கதவு திறந்தது.

லிஃப்டுக்காரர் நின்றார். மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்பு. யார் முகத்தையும் பார்க்காமல் நாற்காலிகளின் அடியில் கண்ணை ஓட்டினார்.

"மன்னிக்கணும் டாக்டர். என் பையை இங்க வெச்சுட்டுப் போயிட்டேன்."

லேப் அக்கா வாயைத் திறக்கவில்லை. உலகத்தில் எந்தப் பெண்டாட்டியும் அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்க மாட்டாள். ஆனால் அந்த அறையில் இன்னொருத்தி இருந்தாளே.

"அப்பா! பை உங்க தோள்லதான் தொங்குது!"

அவர் தோளைப் பார்த்தார். பையைப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"பரவாயில்ல, உக்காருங்க சார்," என்றார் டாக்டர். "நல்ல நேரத்துல வந்தீங்க. நான் முதல்ல கேக்க வேண்டியதே உங்களைத்தான். உங்க பொண்ணு வயசுல நீங்க எப்படி இருந்தீங்க?"

லிஃப்டுக்காரர் பையைக் கழற்றிக் கீழே வைத்தார். வண்டுவை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு, சுருட்டியிருந்த அவள் சட்டைக் கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார். அப்படியே மனைவியை ஒரு தரம் பார்த்தார். கோபம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பார்த்தார்.

"அது பெரிய கதை டாக்டர். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை."

நாற்காலிக்கு நாற்காலி தாவிக்கொண்டிருந்தவள், கவனம் என்பதே கிடையாது என்று ஊரே முத்திரை குத்தியவள், அப்பாவின் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"உங்களைப் பெஞ்சு மேல ஏத்தி நிறுத்தினாங்கல்ல, அதுலேர்ந்து சொல்லுங்கப்பா."